பெட்டிக்குள்ளே ஒரு பூட்டு: அசெம்பிள்டு கம்ப்யூட்டர் முதல் கேமிங் கம்ப்யூட்டர் வரை

மலர்க் குழுவினர் வீடு தேடி வந்து, "வரலாற்றுப் பகுதிக்கு நீங்கதான் சார் ஒரு கட்டுரை தரணும்" என்று கேட்டபோது, மலைக்கோட்டையைப் பற்றியோ கல்லணையைப் பற்றியோ எழுதிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவற்றை எழுதத் தகுதியுள்ளவர்கள் நம் சங்கத்திலேயே பலர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஒரு மல்டி மீட்டரும்தான். கம்ப்யூட்டர் என்ற சாமானைத் திறந்து, பழுது பார்த்து, மூடிக் கொடுப்பதே முப்பது வருடமாக என் பிழைப்பு. ஆகவே அந்தப் பெட்டியின் வரலாற்றையே எழுதித் தருகிறேன் என்றேன். அதற்கு ஒரு காரணமும் இருந்தது.

சில மாதங்களுக்கு முன் என் வகுப்புத் தோழன் ஒருவன் ஸ்ரீரங்கம் மேலச் சித்திரை வீதியிலிருந்து ஆட்டோவில் ஒரு பெரிய பெட்டியை ஏற்றிக்கொண்டு வந்தான். கூடவே அவன் மகள். இப்போது நம் கல்லூரியில்தான் கம்ப்யூட்டர் சயன்ஸ் இரண்டாம் ஆண்டு. பெட்டி, ரெடிமேடாக வரும் கேமிங் டெஸ்க்டாப். விளையாட்டுக்கு மட்டுமல்ல, அனிமேஷன் பழகவும் அந்தப் பெண்ணுக்கு அதுதான் துணை.

"டேய், கடைசித் தவணை கட்டி நாலு மாசம்தான் ஆச்சு. நேத்து ராத்திரி கரண்ட் போயி வந்துது, அதோட செத்துப் போச்சுடா. சர்வீஸ் சென்டர்ல கேட்டா வாரண்டி முடிஞ்சிருச்சு, இந்த மாடலுக்கு எஸ்.எம்.பி.எஸ். தனியா ஸ்டாக் இல்ல, போர்டோட சேத்து மாத்தணும்கிறான். அவன் சொல்ற ரேட்டுக்குப் பாதி புது கம்ப்யூட்டரே வாங்கிடலாம்."

திறந்து பார்த்தேன். பழுது எஸ்.எம்.பி.எஸ். என்கிற பவர் சப்ளையில் மட்டும்தான். சாதாரணக் கம்ப்யூட்டராக இருந்தால் அரைமணி நேர வேலை. பின்னால் நாலு திருகாணி, உள்ளே ஒரு 24 பின் பிளக், அலமாரியிலிருந்து வேறொன்றை எடுத்து மாட்டினால் தீர்ந்தது. இதில் அப்படி முடியவில்லை. எஸ்.எம்.பி.எஸ். ஒடுக்கமாக, நீளமாக, வேறு உருவத்தில் இருந்தது. பிளக்கில் பின்கள் குறைவு. மதர்போர்டின் துளைகளும் வேறு இடத்தில். ஸ்விட்ச் வயர்கூட அந்த போர்டுக்கு மட்டுமே பொருந்தும்.

"ஏன் மாமா, எல்லா கம்ப்யூட்டரும் உள்ள ஒண்ணுதானே?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"ஒண்ணா இல்லாமத்தான்மா இருந்துது. கஷ்டப்பட்டு ஒண்ணாக்கினாங்க. இப்ப மறுபடியும் பிரிக்கிறாங்க" என்றேன். அன்று சுருக்கமாகச் சொன்ன பதிலின் விரிவுதான் இந்தக் கட்டுரை.

பொன்மலையில் ஒரு பாடம்

திருச்சிக்காரர்களுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் என்றால் என்ன என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தென்னிந்திய ரயில்வே தன் பணிமனையை 1928இல் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்குக் கொண்டுவந்ததிலிருந்தே இது பழுது பார்க்கும் ஊர். பிறகு 1960களில் பெல் வந்தது. அதை நம்பித் துவாக்குடியிலும் அரியமங்கலத்திலும் சின்னச் சின்னப் பட்டறைகள் வந்தன. ஒரு வரைபடத்தைக் கையில் கொடுத்தால் அதன்படி இரும்பை வளைத்துத் தரும் கைகள் இந்த ஊரில் அதிகம்.

பொன்மலை செய்த ஒரு காரியத்தை இங்கே நினைவுகூர வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்தில் செய்யப்பட்டவை. 1914 முதல் வந்தன. கடைசியாக வந்தவை 1952இல். பல்சக்கரத்தைப் பிடித்து மலை ஏறும் எஞ்சின் அது. வேறு எந்த ரயிலின் பாகமும் அதற்கு ஒத்துவராது. செய்து தந்த கம்பெனியும் அந்தப் பெயரில் இன்று இல்லை. நம் பொன்மலைத் தொழிலாளர்கள் அந்த எஞ்சினின் பாகங்களைத் தாங்களே செய்தார்கள். 2011ஐ ஒட்டி எண்ணெயில் எரியும் புதிய எஞ்சினையே முழுதாகக் கட்டினார்கள். அதற்குப் பத்தாண்டு கழித்து நிலக்கரியில் ஓடுவதையும் கட்டிவிட்டார்கள்.

இது எப்படி முடிந்தது? திறமை ஒரு பக்கம். இரும்புப் பாகத்தை அளந்து பார்க்க முடியும், வரைய முடியும், கடைசலில் போட்டுச் செய்ய முடியும் என்பது இன்னொரு பக்கம். கம்ப்யூட்டரில் அது நடக்காது. மதர்போர்டை எந்தப் பட்டறையிலும் கடைந்தெடுக்க முடியாது. அங்கே நம்மைக் காப்பாற்றக்கூடியது ஒன்றுதான்: ஒரு பாகமும் இன்னொரு பாகமும் சேரும் இடத்தின் அளவு ஊருக்கெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். அப்படித் தெரிந்த அளவை இந்தக் கட்டுரையில் பொது அளவு என்கிறேன். ஒரு கம்பெனி தனக்கென்று மட்டும் வைத்துக்கொள்வதைக் கம்பெனி அளவு என்கிறேன். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பின் வரலாறு முழுக்க இந்த இரண்டுக்கும் நடந்த இழுபறிதான்.

ஐ.பி.எம். போனது, பெட்டி நின்றது

இந்தியாவில் இந்த இழுபறி 1978இலேயே தொடங்கிவிட்டது. 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், வெளிநாட்டுக் கம்பெனிகள் இங்குள்ள தங்கள் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைக்க வேண்டும் என்றது. ஐ.பி.எம். ஒப்புக்கொள்ளவில்லை. 1978இல் கடையைக் கட்டியது. ஆனால் அது வாடகைக்கு விட்டிருந்த 1401 போன்ற இயந்திரங்கள் நாடெங்கும் அலுவலகங்களில் நின்றன. சம்பளப் பட்டியலும் கணக்கும் அவற்றில்தான் ஓடிக்கொண்டிருந்தன. இனி யார் பார்ப்பது?

அந்தப் பொறுப்பை ஏற்றது மத்திய அரசின் சி.எம்.சி. அதன் முழுப்பெயரே கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன். பழுது பார்ப்பதையே பெயராக வைத்துக்கொண்ட அரசு நிறுவனம் உலகில் வேறெங்காவது இருந்திருக்குமா என்பது சந்தேகம். வேறொருவர் செய்த இயந்திரத்தை நம்மவர்கள் திறந்து, புரிந்துகொண்டு, பல வருடம் ஓட்டினார்கள். பிற்பாடு அந்த நிறுவனம் டாட்டா வசம் போய், 2015இல் டி.சி.எஸ்.ஸுடன் இணைந்துவிட்டது. அதற்கு முன்பே, 1976இல், தூத்துக்குடி மாவட்டத்துக்காரரான சிவ் நாடாரும் நண்பர்களும் எச்.சி.எல்.லைத் தொடங்கியிருந்தார்கள்.

கதவைத் திறந்து வைத்த ஆண்டு

1981 ஆகஸ்ட் 12. அமெரிக்காவில் ஐ.பி.எம். தன் பெர்சனல் கம்ப்யூட்டரை அறிமுகப்படுத்தியது. மாடல் எண் 5150. அவசரமாகச் செய்த சாமான் அது. வழக்கமாக எல்லாவற்றையும் தானே செய்யும் கம்பெனி, இந்த முறை கடையில் கிடைத்த பாகங்களை வாங்கிக் கோத்தது. பிராசசர் இன்டெல்லின் 8088. சாஃப்ட்வேர் மைக்ரோசாஃப்டிடமிருந்து. உள்ளே கார்டு செருக ஐந்து இடங்கள். அது மட்டுமில்லை, மின்சுற்று வரைபடம் முதற்கொண்டு அச்சிட்டு ஒரு தொழில்நுட்பப் புத்தகத்தையே விலைக்கு விற்றது.

பிறகென்ன! யார் வேண்டுமானாலும் அதற்குக் கார்டு செய்யலாம் என்றாயிற்று. பயாஸ் என்ற ஒரு சிறு பகுதி மட்டும் ஐ.பி.எம்.முக்குச் சொந்தம். 1982 இறுதியில் காம்பேக் என்ற புதிய கம்பெனி, ஐ.பி.எம்.மின் எழுத்தைப் பார்க்காமலேயே அதே வேலையைச் செய்யும் பயாஸைத் தானே எழுதி, ஒத்துப்போகும் கம்ப்யூட்டரை அறிவித்தது. 1984இல் ஃபீனிக்ஸ் என்ற கம்பெனி அப்படிப்பட்ட பயாஸை எல்லோருக்கும் விற்கத் தொடங்கியது. அதோடு பூட்டு உடைந்தது. தைவானில் போர்டு செய்பவர்களும், சென்னை ரிச்சி தெருவில் அதை விற்பவர்களும், திருச்சியில் அதை மாட்டுகிற என்னைப் போன்றவர்களும் பிழைக்க வழி பிறந்தது அந்த ஒரு திறப்பில்தான்.

ஐ.பி.எம்.முக்கு அது கசந்தது. 1987 ஏப்ரல் 2 அன்று பி.எஸ்/2 என்ற புதிய வரிசையை இறக்கியது. கார்டு செருகும் முறையையே மாற்றி மைக்ரோ சேனல் என்று பெயர் வைத்தது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் பழையதைவிட உயர்ந்ததுதான். ஆனால் பழைய கார்டு எதுவும் அதில் நுழையாது. புதிய கார்டு செய்ய விரும்புகிறவர்கள் ஐ.பி.எம்.முக்குக் கட்டணம் தர வேண்டும்.

அதற்குச் சரியாக எட்டு நாள் முன்னால், 1987 மார்ச் 25 அன்று, நம் ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரக் கும்பாபிஷேகம் நடந்தது. அதற்குப் போனவர்கள் நம்மில் பலர். பல நூற்றாண்டுகளாக மொட்டைக் கோபுரம் என்று அழைக்கப்பட்டு நின்ற அடித்தளத்தின் மேல், 44ஆம் பட்டம் அகோபில மடத்து ஜீயரின் முயற்சியால் 13 நிலை எழும்பி 236 அடி உயர்ந்தது. அடிப்பகுதியைக் கட்டியவர்கள் யாரோ, மேலே கட்டியவர்கள் யாரோ. சிற்ப சாஸ்திரத்தின் அளவு இருவருக்கும் பொதுவாக இருந்ததால் வேலை நடந்தது. அடுத்த வாரத்தில் ஐ.பி.எம். தன் பெட்டியின் அளவைத் தனக்கே என்று எடுத்து வைத்துக்கொண்டது.

கதை எப்படி முடிந்தது தெரியுமா? 1988 செப்டம்பரில் காம்பேக் தலைமையில் ஒன்பது கம்பெனிகள் சேர்ந்து ஈ.ஐ.எஸ்.ஏ. என்ற போட்டி முறையை அறிவித்தன. மைக்ரோ சேனல் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. ஆனால் அதே பி.எஸ்/2 கொண்டுவந்த உருண்டையான கீபோர்டு, மவுஸ் சாக்கெட் மட்டும் பல பத்தாண்டு வாழ்ந்தது. எல்லோரும் எடுத்துக்கொண்டது பிழைத்தது, பூட்டி வைத்தது போனது.

செருப்பைக் கழற்றிய காலம்

நம் கல்லூரியில் கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும் என்பது என் காலத்து மாணவர்களுக்கு மறந்திருக்காது. ஏ.சி. காற்று, பிளாஸ்டிக் உறை, கையில் ஃப்ளாப்பி. சன்னதிக்குள் போவதுபோல் போவோம். அந்தப் பெட்டிகள் பிராண்டட். ஏ.எம்.சி. என்ற வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம் இருந்தும், ஒன்று படுத்தால் சர்வீஸ் இன்ஜினீயர் வரும் வரை அதன்மேல் உறை போர்த்தியபடி கிடக்கும். ஒரு செமஸ்டர் முழுக்க மூன்று பேருக்கு ஒரு கம்ப்யூட்டர் என்று உட்கார்ந்து எழுதியிருக்கிறோம்.

1984 நவம்பரில் வந்த கம்ப்யூட்டர் கொள்கையும் 1991இல் வந்த தாராளமயமும் நிலைமையை மாற்றின. வால்டாக்ஸ் ரோடு, மூர் மார்க்கெட் என்று அலைந்தவர்கள் ரிச்சி தெரு பக்கம் திரும்பினார்கள். ரேடியோ பாகங்கள் விற்ற தெருவில் மதர்போர்டும் ராமும் ஹார்டு டிஸ்க்கும் குவிந்தன. ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் சாமானை மடியில் வைத்துக்கொண்டு தூங்காமல் வந்து, காலையில் திருச்சியில் இறங்கி, மத்தியானத்துக்குள் ஒரு கம்ப்யூட்டரைக் கோத்து ஓடவிடுவது அன்று எங்களுக்குப் பழகிப்போன வேலை. அசெம்பிள்டு என்று பெயர். பிராண்டட் விலையில் பாதிக்கே கொடுத்தோம் என்று பெருமையடித்துக்கொள்வோம்.

விலையைவிடப் பெரிய நன்மை வேறொன்று. அப்கிரேடு! அதே கேபினெட், அதே மானிட்டர், அதே ஃப்ளாப்பி டிரைவ். உள்ளே 386 போய் 486 வந்தது. 486 போய் பென்டியம் வந்தது. கழற்றிய 386 போர்டு இன்னொரு மாணவனின் முதல் கம்ப்யூட்டராக மாறியது. நடுத்தரக் குடும்பங்களில் அண்ணன் சட்டை தம்பிக்குப் போவது போலத்தான்.

ஆபத்தும் இருந்தது. அன்றைய ஏ.டி. வகை எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து ஆறு ஆறு பின்னாக இரண்டு பிளக் வரும். பி8, பி9 என்று பெயர். இரண்டும் ஒரே உருவம். இடம் மாற்றிச் செருகி ஸ்விட்சைப் போட்டால் மதர்போர்டு காலி. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் ஒரே வரியில் புரியவைத்தார்: "தம்பி, கறுப்பு வயரும் கறுப்பு வயரும் நடுவுல பக்கத்துல பக்கத்துல வரணும். அவ்வளவுதான் வேதம்." அந்த வேதம் சென்னைக்கும் ஒன்று, சிங்கப்பூருக்கும் ஒன்று.

1995இல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். என்ற முறையை வெளியிட்டது. மதர்போர்டின் நீள அகலம், துளைகளின் இடம், எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உருவம், எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் என்று எல்லாவற்றையும் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்தது. இரண்டு பிளக் போய், மாற்றிச் செருகவே முடியாத ஒரே 20 பின் பிளக் வந்தது. பின்னாளில் அது 24 பின் ஆயிற்று. எஸ்.எம்.பி.எஸ். 150 மில்லிமீட்டர் அகலம், 86 மில்லிமீட்டர் உயரம். பிடித்து நிறுத்த நாலு திருகாணி. முப்பது வருடம் ஆகியும் இந்த அளவு மாறவில்லை. இன்று வாங்கும் எஸ்.எம்.பி.எஸ். அந்தக் காலத்துக் கேபினெட்டில் பெரும்பாலும் உட்காரும்.

ஒரே பிளக், வேறு வயர்

பொது அளவு வந்துவிட்டது, இனி தொல்லையில்லை என்று நாங்கள் நினைத்தோம். ஆனால் 1998 முதல் சில ஆண்டுகள் டெல் கம்பெனியின் பல டெஸ்க்டாப்களில் ஒரு வினோதம் இருந்தது. பிளக் பார்க்க ஏ.டி.எக்ஸ். போலவே இருக்கும், கச்சிதமாக உள்ளேயும் போகும். ஆனால் உள்ளே வயர்களின் இடம் வேறு. கடையில் வாங்கிய சாதாரண எஸ்.எம்.பி.எஸ்.ஸை அதில் மாட்டினால் போர்டு புகைந்துவிடக்கூடும். 1988 முதல் பல பதிப்புகள் கண்ட ஸ்காட் மியூலரின் பழுது பார்ப்புப் புத்தகம் இதைப் பற்றிக் கடுமையாக எச்சரித்தது. பொருந்தாத சாவி பூட்டுக்குள் போகாது; போகாவிட்டால் நஷ்டமில்லை. போய்த் திரும்பி உடைத்துவிடுகிற சாவிதான் ஆபத்து. பிற்பாடு அந்தக் கம்பெனி பெரும்பாலும் பொது முறைக்கே திரும்பியது.

கேமிங் கம்ப்யூட்டரின் கதையும் இப்படித்தான். 1990களில் அமெரிக்காவில் ஏலியன்வேர், கனடாவில் வூடூ என்று சிறிய கடைகள் தோன்றின. வேகமான கார்டு, நல்ல மின்விசிறி, கண்ணைப் பறிக்கும் கேபினெட் என்று கடையில் கிடைக்கும் பாகங்களையே தேர்ந்தெடுத்துக் கோத்து விற்றார்கள். நாங்கள் தில்லைநகரில் செய்ததையே அவர்கள் ஆடம்பரமாகச் செய்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். 2006இல் ஏலியன்வேரை டெல் வாங்கியது. அதே ஆண்டு வூடூவை எச்.பி. வாங்கியது. அதன்பின் பெரிய கம்பெனிகளின் ரெடிமேட் கேமிங் மாடல்கள் பலவற்றில், வெளியே வண்ண விளக்கும் உள்ளே அலுவலகக் கம்ப்யூட்டரின் கம்பெனி அளவு போர்டுமாக வரத் தொடங்கின.

2020, 2021இல் கொரோனாக் காலம். சிப் தட்டுப்பாடும், கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்களின் போட்டியும் சேர்ந்து, கிராபிக்ஸ் கார்டு தனியாகக் கிடைப்பதே குதிரைக் கொம்பாயிற்று. கார்டு வேண்டுமென்றால் முழுக் கம்ப்யூட்டராக வாங்கு என்ற நிலை உலகெங்கும் வந்தது. அந்த நெருக்கடியில் ரெடிமேட் பெட்டி வாங்கியவர்கள் ஏராளம். அந்தப் பெட்டிகளுக்கு வாரண்டி முடிந்து இப்போது வருடங்கள் ஆகிவிட்டன. அவைதான் ஒவ்வொன்றாக என் போன்றவர்களின் மேஜைக்கு வருகின்றன.

கம்பெனியின் பக்கத்து நியாயம்

ஒரு பக்கமாகவே பேசக்கூடாது. கம்பெனிகள் கெட்ட எண்ணத்தால்தான் இப்படிச் செய்கின்றன என்று நான் சொல்ல மாட்டேன். பழைய 24 பின் பிளக்கில் 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று மூன்று வகை மின்சாரம் வருகிறது. இன்றைய பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் 12 வோல்ட்தான். மற்றதையெல்லாம் மதர்போர்டிலேயே மாற்றிக்கொண்டால் சும்மா இருக்கும் நேரத்தில் மின்சாரம் மிச்சம், வயரும் மிச்சம், தொழிற்சாலையில் மாட்டும் நேரமும் மிச்சம். நியாயமான காரணங்கள்தான்.

ஆனால் அந்த நன்மைக்காகப் பூட்டுப் போட வேண்டியதில்லை. 2020ஐ ஒட்டி இன்டெல்லே 12 வோல்ட் மட்டும் தரும் புதிய முறையை, 10 பின் பிளக்குடன், ஏ.டி.எக்ஸ். போலவே பொதுவில் எழுதி வைத்தது. ஆக, புதுமை வேறு, பூட்டு வேறு. கம்பெனி புதிதாக எதையும் செய்யட்டும். செய்ததன் அளவையும் வயரிங்கையும் வெளியே சொல்லட்டும். கேட்பது இவ்வளவுதான்.

சட்டமும் மெல்ல இந்தப் பக்கம் வருகிறது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், ஸ்பேர் பார்ட்ஸையும் பழுது பார்க்கும் விவரத்தையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல் வைத்திருந்ததற்காக 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவி, செல்போன் முதலான மின்னணுச் சாமான், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நாலு துறைகளை எடுத்துக்கொண்டு, அதே ஆண்டு டிசம்பரில் ஓர் இணையதளமும் திறந்தது. அமெரிக்காவில் நியூயார்க், மினசோட்டா, கலிபோர்னியா மாநிலங்கள் 2023, 2024இல் சட்டமாகவே நடைமுறைக்குக் கொண்டுவந்தன. ஐரோப்பிய ஒன்றியமும் 2024இல் விதி இயற்றியது. நம் நாட்டில் டெஸ்க்டாப்பின் எஸ்.எம்.பி.எஸ். பிளக் வரை இது வந்து சேர இன்னும் தூரம் இருக்கிறது.

அந்தப் பெட்டி என்ன ஆயிற்று?

தோழன் மகளின் பெட்டிக்கு வருவோம். பிளக்கை மாற்றித் தரும் அடாப்டர் வயர் வாங்கிப் போடலாமா என்று யோசித்தேன். மேலே பேசிய மாதிரி, காத்திருக்கும் நேரத்தில் வரும் மின்சாரம் பொது முறையில் 5 வோல்ட். இதில் 12 வோல்ட் அளவில் இருந்தது. அளந்து பார்க்காமல் மாட்டியிருந்தால் பிரச்சினைதான். வயரிங் விவரம் எங்கும் கிடைக்கவில்லை. போதாததற்கு, பொது அளவு எஸ்.எம்.பி.எஸ். அந்தக் கேபினெட்டுக்குள் உட்காரவே இடமில்லை. வெளியே வைத்து ஓட்டலாம். ஒரு வீட்டில், ஒரு பெண் பிள்ளை ராத்திரி பகல் உட்காரும் மேஜையில், அப்படிச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் பெட்டியையே பிரித்தோம். பிராசசர், ராம், எஸ்.எஸ்.டி., கிராபிக்ஸ் கார்டு நான்கும் பொது அளவு. நான்கும் பிழைத்தன. மதர்போர்டு, எஸ்.எம்.பி.எஸ்., கேபினெட் மூன்றும் கம்பெனி அளவு. பழுதானது ஒன்றே ஆனாலும் மூன்றும் போயின. போர்டோடு கட்டியிருந்த விண்டோஸ் உரிமமும் சேர்ந்து போயிற்று. புதிதாக மூன்று பாகம் வாங்கியதில் ஆன செலவு, சர்வீஸ் சென்டர் சொன்னதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. லாபம் என்று பெரிதாகச் சொல்ல முடியாது.

வேறு ஒரு லாபம் இருந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, அந்தப் பெண்ணே முழுதையும் கோத்தாள். பேஸ்ட் தடவி, விசிறியை மாட்டி, ஸ்விட்ச் வயரின் பின்களை எண்ணிச் செருகி, ஸ்விட்சைப் போட்டதும் திரையில் எழுத்து வந்தது. "இனிமே எது போனாலும் அதை மட்டும் மாத்திக்கலாம்ல மாமா?" என்றாள். "மாத்திக்கலாம். நான் இல்லேன்னாலும் மாத்திக்கலாம்" என்றேன். அவள் அப்பா ஒன்றும் பேசவில்லை. கழித்துப் போட்ட மூன்று பாகங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். தவணை கட்டியவன் அவன்தானே.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ரெடிமேட் வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. வாங்கும் முன் கடையில் பக்கவாட்டு மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். போர்டுக்குப் போகும் பெரிய பிளக்கில் 24 பின் இருக்கிறதா? எஸ்.எம்.பி.எஸ். 150க்கு 86 அளவா? போர்டின் பின்புறத் தகடு தனியாகக் கழல்கிறதா, கேபினெட்டோடு ஒட்டி வருகிறதா? விசிறி வயர் நாலு பின்னா? அந்த மாடலின் சர்வீஸ் மேனுவல் எல்லோருக்கும் கிடைக்கிறதா? ஐந்துக்கும் ஆம் என்றால் தைரியமாக வாங்கலாம். இல்லை என்றால், அந்தக் கம்ப்யூட்டரின் ஆயுள் வாரண்டியின் ஆயுள்தான் என்று கணக்குப் போட்டுக்கொண்டு விலை பேசுங்கள்.

என் வயதுத் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் சங்கத்தில் பள்ளி நடத்துகிறவர்கள், மருத்துவமனை நடத்துகிறவர்கள், அரசு அலுவலகத்திலும் வங்கியிலும் கொள்முதல் தாளில் கையெழுத்துப் போடுகிறவர்கள் பலர் இருக்கிறீர்கள். நூறு கம்ப்யூட்டர் வாங்கும்போது டெண்டரில் ஒரு வரி சேருங்கள்: எஸ்.எம்.பி.எஸ்.ஸும் போர்டும் பொது அளவில் இருக்க வேண்டும்; இல்லையேல் வயரிங் விவரத்தை எழுத்தில் தர வேண்டும். ஒற்றை மாணவி கேட்டால் கம்பெனி காதில் போட்டுக்கொள்ளாது. நூறு பெட்டி வாங்குகிறவர் கேட்டால் அவர்களே ஓடி வருவார்கள். 1988இல் ஒன்பது பேர் சேர்ந்து கேட்டதைத்தான் மேலே படித்தீர்கள்.

ரீயூனியன் அன்று மாலை தேநீருக்குப் பிறகு நான் கம்ப்யூட்டர் லேப் வாசலில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருப்பேன். செத்துப் போன பெட்டி எதுவானாலும் கொண்டுவாருங்கள், சேர்ந்து திறந்து பார்ப்போம். செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை.